கலவட்டப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தர உயிரியலில் கலவட்டம், அதாவது ஒரு கலம் வளர்ந்து இரண்டாகப் பிரியும் சுழற்சி, படிப்பிக்கும் பருவம் வந்தால், திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் நான் திருத்தும் விடைத்தாள்களில் அதே வரிகள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. அவற்றுட் சில, மாணவனாக இருந்தபோது நானும் எழுதியவையே. கலவட்டத்தின் கட்டங்களான அவத்தைகளின் ஒழுங்கு பிசகுவதும் படத்தில் நிறமூர்த்த எண்ணிக்கை பிழைப்பதும் பயிற்சியால் ஒழிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"புற்றுநோய்க் கலம் மிக வேகமாகப் பிரியும்"

இந்த வரியைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. சிறுகுடலின் உட்படை சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. என்புமச்சை ஓயாமல் குருதிக்கலங்களை ஆக்குகிறது. அவற்றை எவரும் புற்றுநோய் என்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் பலவோ இருமடங்காவதற்கு மாதக்கணக்கில் எடுக்கும்.

வேறுபாடு நிறுத்தக் கட்டளையில் இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகளின் சமிக்ஞை கிடைத்தால், சைக்கிளின் டி என்ற புரதம், பொசுபேற்றை ஏற்றும் நொதியமான தன் கைனேசுடன் சேர்ந்து, கலப்பிரிவுக்குத் தடையாக நிற்கும் ஆர்பி புரதத்தில் பொசுபேற்றை ஏற்ற, அதுவரை ஆர்பி பிடித்துவைத்திருந்த ஈ2எஃப் என்ற புரதம் விடுபட்டு, டிஎன்ஏ இரட்டிப்புக்குரிய பரம்பரையலகுகளை இயக்குகிறது; சமிக்ஞை இல்லாவிட்டால் சாதாரண கலம் டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்திய ஜி1 அவத்தையைத் தாண்டாமல், பிரியாதிருக்கும் ஜி0 நிலையில் ஓய்ந்துவிடும். டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 புரதம் பி21 என்ற தடுப்புப் புரதத்தை உண்டாக்கிக் கைனேசுகளை முடக்கும். சேதம் திருத்த முடியாததாயின் கலத்தையே இறக்கச் செய்யும். இக்கட்டுப்பாடுகள் கெட்ட கலம் சமிக்ஞை இல்லாமலும் பிரியும், சேதத்துடனும் பிரியும், இறக்க வேண்டிய வேளையில் இறவாமலும் இருக்கும். மெதுவாகப் பிரிந்தாலும் கட்டி பெருப்பது அதனால்தான்.

புள்ளி குறைவதோடு இத்தவறு முடிவதில்லை. ஒருமுறை வகுப்புக் கலைந்த பின் மாணவி ஒருத்தி, கரைவலை இழுக்கும் தன் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறத்தில், சுரண்டினாலும் போகாத, நகமளவு சொரசொரப்பான வெள்ளைத் திட்டு ஒன்று இருந்ததாம். "வருசக்கணக்கா அப்பிடியேதான் இருக்கு சேர், கெதியா வளரேல்ல. அப்ப கான்சர் இல்லைத்தானே?" என்றாள். இத்தகைய திட்டுகள் எல்லாமே புற்றுநோயாவதில்லை. ஆனால், ஆகின்றவை ஆண்டுக்கணக்கில் எடுத்து ஆவதால், மெதுவான வளர்ச்சியை நம்பி இருக்க முடியாது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயாக்கி என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே. அன்றே பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

"பி53 புற்றுநோயை உண்டாக்கும்"

இல்லை, தடுக்கும். 1979இல் அதைக் கண்டறிந்த காலத்தில் ஆய்வாளர்களே பிழையாக எண்ணியிருந்து, 1989இல்தான் திருந்தினார்கள் என்பதால் இதை மட்டும் மன்னிக்கலாம்.

சைக்கிளினும் கைனேசும் ஒன்றென எழுதுவது

கூடிக் குறைவது சைக்கிளின். கைனேசின் அளவு ஏறக்குறைய மாறாது. 1982இல் பிரித்தானிய ஆய்வாளர் டிம் ஹன்ட் இந்த ஏற்ற இறக்கத்தைக் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திருகோணமலைக்கு அருகிலுள்ள புறாத்தீவுப் பவளப்பாறையில் முள்ளெலியின் முள் ஏறிய மாணவர்கள் இதை மறப்பதில்லை.

"ஒரு விகாரம் போதும்"

விகாரம் என்பது பரம்பரையலகில் நேரும் மாற்றம்; புற்றுநோய்க்கு ஒன்று போதும் என்றால், எதில் என்று சொல்லுங்கள். கலத்தைப் பிரியத் தூண்டும் ராஸ் பரம்பரையலகில் ஒரு பிரதி விகாரமுற்றாலே அது ஓயாத சமிக்ஞை கொடுக்கத் தொடங்கலாம். ஆர்பியில் இரு பிரதிகளும் கெட வேண்டும் என்பது, விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து 1971இல் அமெரிக்க மருத்துவர் நட்சன் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. அப்படிக் கெட்ட பின்பும், பெரும்பாலான புற்றுநோய்களுக்கு வேறு விகாரங்களும் சேர வேண்டியிருப்பதால்தான் வயதோடு ஆபத்துக் கூடுகிறது.

"புற்றுநோய் தொற்றும்"

தொற்றாது. தொற்றுவது ஹியூமன் பப்பிலோமா வைரசு. அதன் ஈ6 புரதம் பி53ஐச் சிதைக்கிறது, ஈ7 ஆர்பியை முடக்குகிறது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அவ்வழியே வருகிறது. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவிகளுக்கு ஏற்றப்படுவது அந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி.