நான்கு குட்டிகளும் ஓர் அண்டாவும்: சென்னைப் புறநகரில் வெண்பன்றி வளர்க்கத் தொடங்குவது எப்படி?

பெரியபாளையம் பக்கத்தில் என் மாமனாருக்கு அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மாடு வைத்துப் பார்த்தோம், கறக்க ஆள் கிடைக்கவில்லை. ஆடு வைத்தோம், பக்கத்து நிலத்து மிளகாய்ச் செடிகளை மேய்ந்துவிட்டு எங்களுக்குச் சண்டையை வாங்கிக்கொடுத்தது. மூன்றாவதாக வந்தவைதான் வெண்பன்றிகள். அப்போது முகம் சுளித்த உறவினர்கள் சிலர் இப்போது கத்தரிக்குப் போட எரு கேட்டு வருகிறார்கள்.

இந்த விளக்கம் நான்கே நான்கு குட்டிகளை வாங்கி, வளர்த்து, விற்க நினைக்கும் குடும்பங்களுக்கு. தாய்ப்பன்றி வாங்கிக் குட்டி எடுக்கும் யோசனையை முதல் ஆண்டு தள்ளி வையுங்கள். சினைக்காலம் 114 நாள்தான், ஆனால் ஈனும் இரவில் தூங்க முடியாது. தாய் புரண்டு படுத்தால் ஒரு கிலோ எடையுள்ள குட்டி நசுங்கிவிடும். தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் உண்டு என்று கேள்விப்பட்டுப் பலர் துள்ளுகிறார்கள். அது பெரிய இனப்பெருக்கப் பண்ணைகளுக்கானது. நான்கு பன்றிகளுக்குத் தேவை மானியம் அல்ல, குழாயில் தண்ணீரும் அடுப்பில் ஓர் அண்டாவும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

1. இடம்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வீட்டுக் கொல்லையில் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் கிராமப்புறத்தில் இடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அங்கும் ஊராட்சி அலுவலகத்தில் முதலில் பேசிவிடுங்கள், காற்று வீசும் திசையில் யார் வீடு இருக்கிறது என்றும் பாருங்கள். அக்கம்பக்கத்தாரின் புகார் வந்த பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது.

2. கொட்டகை

நான்கு பன்றிகளுக்குப் பத்தடிக்குப் பத்தடி போதும். பாதிக்குக் கூரை, பாதி திறந்த வெளி. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். சுவர் நான்கடி உயரம். தகரக் கூரை என்றால் மேலே கட்டாயம் தென்னங்கீற்று பரப்புங்கள், மே மாதத்தில் வெறும் தகரத்தின் கீழ் நீங்களே பத்து நிமிடம் உட்கார முடியாது.

தரை சிமெண்டாக இருக்க வேண்டும். வழவழப்பாகப் பூசிவிட்டால் கால் வழுக்கி இடுப்பு பிசகிவிடும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றடிக்கு ஓர் அங்குலம் என்று வாய்க்காலை நோக்கிச் சரிவு கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்து, வெளித்தரையைவிட ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுவது நல்லது.

3. குட்டி வாங்குதல்

இங்கே அதிகம் கிடைப்பது வெண் யார்க்ஷயர், அதன் கலப்பினங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் காட்டுப்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பன்றி வளர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள சென்னைக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இது பொத்தேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுப்பாக்கம். நான் முதல் முறை பூந்தமல்லி அருகிலுள்ள காட்டுப்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பன்றிப் பண்ணை எங்கே என்று ஒரு துணிக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்திருக்க வேண்டும். எடை 10 கிலோவுக்குக் குறையக் கூடாது. நான்கும் ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருந்தால் சண்டை போடாது. ஆண் குட்டிகள் காயடிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு இறைச்சியில் வாடை அடிக்கும், வாங்க ஆள் வராது. பிறந்த சில நாட்களில் இரும்புச்சத்து ஊசி போட்டார்களா, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று கூட்டத்தில் சோனியாக நிற்பதை வாங்காதீர்கள். அது கடைசி வரை சோனிதான்.

எந்த மாதம் வாங்குவது? கிறிஸ்துமஸ் விற்பனையைக் கணக்கிட்டுச் சித்திரையில் வாங்குகிறவர்கள் உண்டு. என் கணக்கு வேறு. ஆடி, ஆவணியில் வாங்கினால் மாசி, பங்குனியில் விற்பனை எடை வந்துவிடும், கத்திரி வெயிலுக்கு முன் கொட்டகை காலியாகிவிடும். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்த்துக்கொள்ளத் தெரியாது. எடை கூடக் கூட வெயில் அதை அதிகம் வாட்டும். 90 கிலோ பன்றியை மே மாதத்தில் வைத்துக்கொண்டு தவிப்பதைவிட, கொஞ்சம் குறைந்த விலைக்கு மார்ச்சில் விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

4. முதல் இரவு

விடியற்காலையில், வெறும் வயிற்றோடு ஏற்றி வாருங்கள். காலைக் கட்டிப் போடாதீர்கள், வைக்கோல் பரப்பிய கூண்டு போதும்.

இறக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. வாய்க்கால் பக்கத்து மூலையில் தண்ணீர் ஊற்றி, குட்டிகள் வந்த கூண்டிலிருக்கும் சாணத்தில் ஒரு கை அள்ளி அங்கே போடுங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்கட்டும், படுக்கிற பக்கம் வைக்கோல் இருக்கட்டும். குட்டிகள் சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நான்கும் வைக்கோலில் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும், கழிவு முழுவதும் அந்த ஈர மூலையில் இருக்கும். அன்று பழகியது விற்கும் நாள் வரை மாறாது. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாத பிராணி அது. நெருக்கி அடைத்து வைத்து அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள் நாம்தான்.

முதல் வாரம், குட்டிகளை விற்றவர் கொடுத்த தீவனத்தையே கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அவசரப்பட்டால் பேதிதான்.

5. தீவனமும் அண்டாவும்

முழுக்க அடர்தீவனம் போட்டு வளர்த்தால் லாபம் தீவனக் கடைக்குத்தான் போகும். சென்னையில் ஹோட்டல், மெஸ், கல்யாண மண்டபம், காய்கறிச் சந்தைக் கழிவு என்று கிடைக்கிறது. சிறு பண்ணைகள் நிற்பது இதை வைத்துத்தான். விழுவதும் இதனால்தான்.

கழிவு வந்ததும் தரையில் கொட்டிக் கையுறை போட்டுக்கொண்டு கிளறுங்கள். பிளாஸ்டிக் உறை, பல் குச்சி, டீ கப், எலும்பு, எலுமிச்சைத் தோல், ஒருமுறை ஒரு எவர்சில்வர் ஸ்பூன்கூட வந்தது. பொறுக்கி எடுத்த பிறகு அண்டாவில் போட்டு, கொதி வந்ததிலிருந்து அரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். சூடு காட்டி இறக்குவது போதாது. அடியில் இருப்பதும் கொதிக்கும்படி துடுப்பால் கிளறிக்கொண்டே இருங்கள். மழையில் விறகு நனைந்துவிட்டது, இன்று ஒரு நாள் அப்படியே போடலாம் என்று தோன்றும். அன்றைக்குத் தவிடு மட்டும் போடுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020-ல் வடகிழக்கு மாநிலங்களில் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டையும் எட்டிப் பார்த்த நோய். மனிதருக்கு வராது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, நம் நாட்டில் போடத் தடுப்பூசியும் கிடையாது. எங்கோ யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த பன்றி இறைச்சித் துண்டு போதும், கொட்டகையே காலியாகிவிடும். கொதிக்கும் அண்டாவைத் தாண்டி அந்தக் கிருமி உயிரோடு வராது.

வளர்ந்த பன்றிக்கு நாளைக்கு 5 முதல் 8 கிலோ வேகவைத்த கழிவு, அதனுடன் அரை கிலோ அடர்தீவனம். 100 கிலோ அடர்தீவனத்துக்கு நாங்கள் கலப்பது: மக்காச்சோளம் 50, தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 17, கருவாட்டுத் தூள் 6, தாது உப்புக் கலவை 2. சமையல் உப்பு வேண்டாம், சாம்பாரிலும் ஊறுகாயிலும் வருவதே அதிகம். புண்ணாக்கில் பூசணம் தெரிந்தால் தூக்கி எறியுங்கள். கடைசி ஒரு மாதம் கருவாட்டுத் தூளை நிறுத்திவிடுங்கள், இறைச்சியில் மீன் வாடை ஏறும்.

6. தண்ணீர்

முதல் ஆண்டு, பங்குனி வெயிலில் நடந்தது இது. கல்யாண மண்டபத்திலிருந்து வந்த கழிவில் ஊறுகாயும் அப்பளமும் நிறைய. நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போட்டோம். மறுநாள் மதியம் ஒரு பன்றி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று கண் தெரியாததுபோல வட்டமாகச் சுற்றியது. பிறகு நாய்போலப் பின்காலில் உட்கார்ந்து, முகம் வெட்டி வெட்டி இழுத்தது. ஏதோ வெறிநோய் என்று பயந்துபோய் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு போன் செய்தோம். வந்த கால்நடை மருத்துவர் பன்றியைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திருகிப் பார்த்தார். பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளில் துரு அடைத்திருந்தது. முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் வரவில்லை. தீவனத்தொட்டி ஈரமாக இருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை. உப்பு உள்ளே, தண்ணீர் இல்லை, அது மூளையைத் தாக்கிவிட்டது. பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் வைக்கப் போன என்னைத் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், ஒரேயடியாகக் குடித்தால் இன்னும் மோசமாகும் என்றார். ஒன்று இறந்தது, மூன்று பிழைத்தன.

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் நிப்பிளை விரலால் அழுத்திப் பார்க்காமல் நான் கொட்டகையைவிட்டு வெளியே வருவதில்லை. ஒரு பன்றி நாளைக்குப் பத்து லிட்டர் வரை குடிக்கும், வெயில் நாளில் அதற்கும் மேல்.

மதிய வெயிலில் மேலே தண்ணீர் தெளியுங்கள். திறந்தவெளியில் ஓரடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினால் அதில் புரண்டு கிடக்கும். ஆனால் தொட்டி நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்துவிட வேண்டும். கொசு பெருகினால், பன்றியிடமிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவரும் வழி அதுதான்.

7. நோய்த் தடுப்பு

பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி இரண்டு மாத வயதில். இது ஆப்பிரிக்கக் காய்ச்சல் அல்ல, வேறு நோய். இதற்கு ஊசி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம். பிற பண்ணைக்காரர்களையும் வியாபாரிகளையும் கொட்டகைக்குள் விடாதீர்கள், பேச்சு வாசலோடு இருக்கட்டும். வாசலில் கிருமிநாசினி கலந்த தட்டு வையுங்கள். காது சிவந்து, காய்ச்சலோடு படுத்து, தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத பன்றியை யாருக்கும் விற்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். மேயவும் விடக் கூடாது. திறந்தவெளி மலத்தைத் தின்னும் பன்றிக்குத்தான் நாடாப்புழு முட்டை உள்ளே போகிறது.

8. எடையும் விற்பனையும்

எட்டு முதல் பத்து மாத வயதில் 80, 90 கிலோ வரும். வியாபாரி உயிர் எடைக்குத்தான் விலை பேசுவார். பண்ணையில் தராசு இல்லையென்றால் கண்ணால் பார்த்தே ஓர் எடை சொல்வார். அந்த எடை எப்போதும் அவருக்குச் சாதகமாகவே இருக்கும்.

தையல்காரரின் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பன்றி தொட்டியில் தலையை விட்டுத் தின்னும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வாலின் அடி வரை முதுகு நீளம். இரண்டையும் மீட்டரில் எழுதி, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, கடைசியில் 69.3-ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 1.10, நீளம் 1.05 என்றால் 88 கிலோ. சில கிலோ முன்னே பின்னே இருக்கும், ஆனால் பேரத்தில் பேச உங்கள் கையில் ஓர் எண் இருக்கும். சென்ற முறை வந்தவர் 75 என்றார். டேப்பை நீட்டினேன். எடைமேடைக்குப் போகலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வண்டி போன பிறகு கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரமாவது காலியாகக் காயப்போடுங்கள். அந்த நாட்களில் நிப்பிளைக் கழற்றி, துருப்பிடித்திருந்தால் புதிது மாட்டிவிடுங்கள்.