சாந்தா மரியா தெல்லா வித்தோரியா: உள்ளே போனதும் பலர் செய்யும் தவறுகள்

ரோமில் பரோக் கலையை, அதாவது பதினேழாம் நூற்றாண்டின் நாடகத்தன்மை நிறைந்த கலைப்பாணியை, பார்க்கப் போகிறவர்கள் தவறவிடாத கத்தோலிக்கக் கோயில் இது. ஆனால் பெரும்பாலானவர்கள் கோயிலைப் பார்ப்பதில்லை. வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் போய், சிற்பி பெர்னினி செதுக்கிய, பரவசத்தில் ஆழ்ந்த புனித தெரேசா சிலையை நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் தவறு இந்த அவசரம்தான்.

கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் காலணியணியாத் துறவிகளுக்காக 1608-இல் தொடங்கி 1620-இல் முடித்த கோயில் இது. வடிவமைத்தவர் கார்லோ மதேர்னோ. ஒரே நடுக்கூடம், பக்கத்துக்கு மூன்று சிற்றாலயங்கள், சிலுவையின் இரு கைகளைப் போன்ற குறுக்குப் பகுதி, அதன் நடுவே குவிமாடம், அவ்வளவுதான். சிறிய இடம் என்பதால் எங்கே நிற்கிறோம் என்பது மிக முக்கியம். தெரேசா சிலை உள்ள கொர்னாரோ சிற்றாலயம் இருப்பது இடக்கையின் கோடியில். கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் சிலை மட்டும்தான் தெரியும். மேலே இருக்கும் முகப்பு முக்கோணம், வளைகூரை, பக்கச் சுவர்கள் எல்லாம் பார்வையிலிருந்து நழுவிவிடும். அதனால் முதலில் எதிரே வலக்கை வரை போய், அங்கிருந்து திரும்பி நின்று பாருங்கள். பிறகு குவிமாடத்துக்கு நேர் கீழே வந்து நில்லுங்கள். கம்பித் தடுப்புக்கு அருகில் போவது கடைசியாக இருக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். சிலைக்குப் பின்னால் இறங்கும் பொன்கதிர்களைப் பார்த்து, 'என்ன அருமையாக மின்னுகிறது' என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே இல்லை. சிலை நிற்கும் மாடத்துக்கு மேலே, நம் கண்ணில் படாதபடி ஒரு சாளரத்தை பெர்னினி ஒளித்து வைத்திருக்கிறார். அதன் வழியாக விழும் பகல் வெளிச்சம்தான் பொன் பூசிய கதிர்களில் வழுக்கி தெரேசாவின் முகத்தில் இறங்குகிறது. மின்விளக்கை முன்னாலிருந்து அடித்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும்; மடிப்புகளின் நிழல் செத்து, பளிங்கு தட்டையாகத் தெரியும். விளக்கு அணைந்திருக்கும் நேரம் வாய்த்தால் அதை நல்ல நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண் பழகச் சில நிமிடம் கொடுங்கள். மேகமூட்டமான நாளில் பார்த்துவிட்டு 'படத்தில் பார்த்த மாதிரி இல்லையே' என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

மிகவும் பரவலான தவறு, இரு பக்கச் சுவர்களிலும் உள்ள கொர்னாரோ குடும்பத்தாரைப் பற்றியது. பக்கத்துக்கு நான்கு பேர், ஆக எட்டு உருவங்கள். 'நாடக அரங்கின் மாடத்தில் உட்கார்ந்து புனிதையின் பரவசத்தை வேடிக்கை பார்க்கிறார்கள்' என்று வழிகாட்டிகள் பலரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் இருக்கும் கோணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பக்கச் சுவரிலிருந்து, உள்ளொடுங்கிய மாடத்துக்குள் இருக்கும் சிலை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் புத்தகம் படிக்கிறார், சிலர் தங்களுக்குள் விவாதிக்கிறார்கள், ஒருவர் நம் பக்கம் பார்க்கிறார். நடந்ததைப் பற்றி யோசிப்பவர்கள் என்று சொன்னால் பொருந்தும். பார்வையாளர்கள் என்றால் பொருந்தாது. அவர்களுக்குப் பின்னால் தெரியும் தூண்களும் வளைகூரையும் தாழ்ந்த புடைப்புச் சிற்பம்தான். சுவருக்கு அப்பால் இன்னொரு கூடம் நீள்வது போன்ற மயக்கத்தை அது உண்டாக்குகிறது.

எட்டுப் பேரும் ஒரு காலத்தவர் என்று நினைப்பதும் தவறு. இந்தச் சிற்றாலயத்தை எழுப்பச் சொன்ன கர்தினால் ஃபெதெரிகோ கொர்னாரோ மட்டும்தான் அப்போது உயிரோடு இருந்தவர். மற்றவர்கள் குடும்பத்தின் முந்தைய கர்தினால்களும், டோஜ், அதாவது வெனிஸ் குடியரசின் தலைவர், பதவியில் இருந்த அவருடைய தந்தையும். வெனிஸின் மறைமுதுவர் பதவியை விட்டு ரோமுக்கு வந்த ஃபெதெரிகோ இந்த வேலையை 1647-இல் பெர்னினியிடம் கொடுத்தார், 1652-இல் முடிந்தது. வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுதான், புனித பேதுரு பேராலயத்துக்கு பெர்னினி கட்டிய மணிக்கோபுரம் விரிசல் பிரச்சினையால் இடிக்கப்பட்டிருந்தது. போப் பத்தாம் இன்னசென்ட்டின் ஆதரவும் இல்லாத நேரம். தனியார் வேலைக்கு அவரால் இத்தனை உழைப்பைக் கொடுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காமம் பக்கமே போய்விடுகிறது. தெரேசாவின் முகபாவத்தைப் பார்த்து அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அதை மூடி மறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றால் சிலையில் பாதி விட்டுப்போகும். தேவதூதன் பொன் ஈட்டியால் தன் இதயத்தைத் துளைத்ததாகவும், வலியும் இனிமையும் ஒன்றாக இருந்ததாகவும் தெரேசாவே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த வரிகளைத்தான் பெர்னினி கல்லில் வைத்தார். சிறகுள்ள பையனை மன்மதன் என்று எண்ணிவிட வேண்டாம். தொங்கும் வெறுங்காலைப் பாருங்கள். காலணி துறந்த கார்மேல் சீர்திருத்தத்தை 1562-இல் அவிலாவில் தொடங்கியவரே தெரேசாதான். அவருடைய சபைத் துறவிகளின் கோயிலில் அந்தக் கால் எதைச் சொல்கிறது என்று விளக்கத் தேவையில்லை. பரப்புகளின் வேறுபாட்டையும் விட்டுவிடாதீர்கள்: துறவாடை கனமாக மடிந்து விழுகிறது, தூதனின் துணி தீ நாக்கு போலத் துடிக்கிறது, மேகமோ மெருகேற்றாமல் சொரசொரப்பாக விடப்பட்டிருக்கிறது. எல்லாம் ஒரே வெள்ளைப் பளிங்குதான்.

கண் சிலையிலேயே ஒட்டிக்கொள்வதால் கீழும் மேலும் விட்டுப்போகின்றன. தரையில் வண்ணக்கல் பதித்து உருவாக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே பலிபீட முகப்பில் நீலக்கல் பின்னணியில் பொன் பூசிய வெண்கலத்தில் இறுதி இராவுணவு. அதற்கு மேல் தெரேசா. எல்லாவற்றுக்கும் மேலே, வளைகூரையில் வானம் திறந்து தேவதூதர்கள். சாவில் தொடங்கி விண்ணகம் வரை கண் ஏற வேண்டிய வரிசை இது. கூரையில் எது ஓவியம், எது சுதை என்று பிரித்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. அப்பாத்தினி தீட்டிய மேகங்கள் சட்டத்துக்குள் அடங்காமல் கட்டடத்தின் மீதே வழிந்து, சுதைச் சிற்பங்களை ஓரளவு மூடிவிடுகின்றன. கீழே உள்ள பளிங்கின் பளபளப்பைப் பார்த்துவிட்டு மேலேயும் எல்லாம் கல்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே இருப்பதெல்லாம் பெர்னினி செய்தது என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். வெளி முகப்பு 1624–26-இல் சோரியா என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. கோயில் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த உறங்கும் ஹெர்மஃப்ரோடிடஸ் (ஆணும் பெண்ணும் கலந்த கிரேக்கப் புராண உருவம்) சிலையைத் தமக்கு எடுத்துக்கொண்ட கர்தினால் போர்கேசே, அதற்கு ஈடாக முகப்புக்குப் பணம் கொடுத்தார். அந்தச் சிலை இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பளிங்கு மெத்தையைச் செதுக்கியவர் இளம் பெர்னினி என்பது வேடிக்கை! நடுக்கூடத்தின் வளைகூரை ஓவியம் செர்ரீனியுடையது, 1675. பீடத்துக்குப் பின்னே உள்ள அரைவட்டச் சுவர் ஓவியம் அதற்கும் இருநூறு ஆண்டு பிந்தியது. 1880-களில் லூயிஜி செர்ரா வரைந்தது. 1620-இல் பிராக் அருகே கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த வெண்மலைப் போருக்குப் பின் கத்தோலிக்கப் படை நகருக்குள் நுழைவதை அது காட்டுகிறது. முதலில் புனித பவுலின் பெயரில் இருந்த கோயிலுக்கு வெற்றி மாதா பெயர் வந்தது அந்தப் போரால்தான். போர்க்களத்துக்கு எடுத்துப்போன மாதா படம் இங்கே வைக்கப்பட்டிருந்தது. 1833 தீவிபத்தில் எரிந்துவிட்டது. இப்போது பீடத்தில் இருப்பது நகல்.

நேரம் மிஞ்சினால் வலப்பக்கம் இரண்டாவது சிற்றாலயத்தில் தொமெனிக்கினோவின் ஓவியங்களைப் பாருங்கள். நேரமில்லை என்றாலும் வலக்கைச் சிற்றாலயத்தை விடக்கூடாது. தெரேசாவுக்கு நேர் எதிரே, அதே அமைப்பைப் பின்பற்றி, தொமெனிகோ குயிதி செதுக்கிய யோசேப்பின் கனவு அங்கே இருக்கிறது. பக்கச் சுவர்களில் மொன்னோவின் புடைப்புச் சிற்பங்கள். இங்கும் தேவதூதன் உண்டு, மேகம் உண்டு, கதிர் உண்டு, கைத்திறனிலும் குறையில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே நின்று மாறி மாறிப் பார்த்தால், இடப்பக்கம் உள்ள இழுப்பு இங்கே இல்லை என்பது விளங்கும்.

இது வழிபாடு நடக்கும் கோயில். திருப்பலி வேளையில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், நண்பகலில் மூடும் வழக்கமும் உண்டு. அன்றைய நேரத்தை விசாரித்துக்கொண்டு, தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.