பழைய டிராக்டருக்கு சிக்கிள் மோவர்: லிங்கில் மாட்டுவதா, டிராபாரில் இழுப்பதா?

டிராக்டர் வெறும் 25 குதிரைத்திறன்தான், புல் அறுக்கத் தாங்குமா என்ற கவலை சிக்கிள் மோவர் விஷயத்தில் வேண்டாம். கத்தி இடமும் வலமுமாக ஓடிக் கத்தரிக்கோல் போல நறுக்குகிறது, அதனால் சக்தி கொஞ்சம் போதும். கத்தி ஓடும் கட்டர் பாரின் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.2 கிலோவாட் என்று கணக்கு வைக்கலாம். 7 அடி பாருக்கு அது மூன்றரைக் குதிரைத்திறனைத் தாண்டாது. டிஸ்க் மோவர் அதே அகலத்துக்கு நான்கு மடங்கு கேட்கும். ஆக, லிங்கில் (கருவியைத் தூக்கி இறக்கும் மூன்று கம்பிகள்) மாட்டும் மோவரா, டிராபாரில் (பின்னால் இழுக்கும் கம்பி) இழுக்கும் மோவரா என்பதை எஞ்சினைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

டிராக்டரில் முதலில் பார்க்க வேண்டியவை

முதலில், எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டின் விட்டத்தை அளக்கவும். இன்றைக்கும் வழக்கில் இருப்பது 1⅜ அங்குலம் (35 மி.மீ.), ஆறு ஸ்பிளைன் (தண்டின் மேல் நீளவாட்டில் உள்ள பற்கள்), நிமிடத்துக்கு 540 சுற்று. ஃபோர்டு 9என், 2என், 8என் வண்டிகளில் தண்டு 1⅛ அங்குலம்தான். அடாப்டர் மாட்டினால் பொருந்திவிடும். ஆனால் அடாப்டர் தண்டின் நீளத்தைக் கூட்டிவிடுகிறது. லிங்கில் மாட்டும் மோவரில் இடைவெளி ஏற்கெனவே குறைவு, எனவே பிடிஓவையும் மோவரையும் இணைக்கும் டெலஸ்கோப் தண்டு முழுதாக உள்ளே போய் முட்டும். அப்படியே ஓட்டினால் பிடிஓ பேரிங் முதல் நாளே அடி வாங்கும். மோவரைத் தூக்கியும் இறக்கியும் பார்த்து, மிகக் குறுகும் நிலையிலும் ஒரு அங்குலமாவது மிச்சம் இருக்கும்படி உள்குழாய், வெளிக்குழாய் இரண்டையும் ஒரே அளவு வெட்டவும். மிக நீளும் நிலையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது நான்கு அங்குலம் நிற்க வேண்டும்.

அடுத்தது கிளட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் பிடிஓவும் கியர்பாக்ஸும் ஒரே கிளட்சில்தான் ஓடுகின்றன. அடர்ந்த புல்லில் வேகம் குறைக்க கிளட்சை மிதித்தால் கத்தியும் சேர்ந்து நின்றுவிடும், பாரின் விரல்களுக்கிடையில் (கத்தி நடுவே ஓடும், முன்னே நீட்டிய இரும்புக் கூர்கள்) புல் அடைத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மிதித்த பிறகும் மோவரின் ஃப்ளைவீல் சுழன்று, வண்டியை ஓரடி முன்னே தள்ளும். ரோட்டரி மோவர் தள்ளும் அளவு இல்லை என்றாலும், வேலிக்கு முன்னால் அந்த ஓரடியே பெரிது. ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் ஓவர்ரன்னிங் கிளட்சைப் பிடிஓ தண்டில் மாட்டினால் தள்ளுவது நிற்கும். அடைப்பு நிற்காது. அதற்கு ஒரே வழி ஒரு கியர் குறைத்து ஓட்டுவது.

ஃபோர்டு என் வரிசையில் இன்னொரு சிக்கல்: ஹைட்ராலிக் பம்பையும் பிடிஓ தண்டே சுற்றுகிறது. மூலையில் திரும்பும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு பாரைத் தூக்க லீவரை இழுத்தால் பார் எழாது. முதலில் தூக்கு, பிறகு மிதி என்ற வரிசை கைக்குப் பழக வேண்டும்.

கடைசியாக, த்ரீ பாயிண்ட் லிங்க் இருக்கிறதா? ஃபார்மால் எச் போன்ற வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் டிராபார் மட்டும்தான் இருக்கும். பிற்பாடு பற்றவைத்த லிங்கை நம்பி மோவர் மாட்டுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. கலப்பையின் இழுப்பு நேர்கோட்டில் வரும். மோவரின் இழுப்பு முழுவதும் வலப்பக்கம். அந்த முறுக்கில் வெல்டு முதலில் விரியும்.

லிங்கில் மாட்டும் மோவர்

ஃபோர்டு 501, நியூ ஹாலண்ட் 451 ஆகியவை இந்த ரகம். சின்ன வயல், மூலைகள் அதிகம், வாய்க்கால் கரை, மரத்தடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம். பின்னால் எடுக்க முடியும், மூலையில் பாரை லீவரிலேயே தூக்கலாம், கரைச் சரிவுக்கு ஏற்றபடி பார் மேலும் கீழும் சாயும்.

குறை என்ன? மாட்டுவதும் கழற்றுவதும் வேலை. எடை ஒரு பக்கமாகவே இருப்பதால் நல்ல ஸ்டாண்டு இல்லாமல் கழற்றினால் கவிழும், மறுமுறை மாட்ட இரண்டு ஆள் வேண்டும். கீழ் லிங்குகள் பக்கவாட்டில் ஆடவே கூடாது. செயின் போதாது, இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் கம்பி போடவும். லிங்க் அரை அங்குலம் ஆடினால் பாரின் வெளிமுனை அதைப்போல் பல மடங்கு பின்வாங்கும்.

பழைய ஹைட்ராலிக் மெல்ல இறங்கும் என்பது தெரிந்ததே. மோவரின் சட்டம் குறித்த உயரத்தில் நிற்க, பார் மட்டும் தன் இரு முனைகளிலும் உள்ள ஷூக்களின் (தரையில் வழுக்கிச் செல்லும் அடித்தகடுகள்) மேல் தரையைத் தழுவிப் போக வேண்டும். சட்டமே இறங்கினால் விரல்நுனிகளின் சாய்வு மாறி மண்ணில் குத்தும். டாப் லிங்க் பின்னிலிருந்து கீழ் லிங்குக்கு ஒரு செயின் கட்டி, சட்டம் அதற்குக் கீழே போகாதபடி நிறுத்தவும். லீவர் நிற்கும் இடத்துக்கேற்ப உயரத்தைப் பிடிக்கும் பொசிஷன் கன்ட்ரோல் இல்லாத 9என், 2என் வண்டிகளுக்கு இது கட்டாயம்.

பின்சக்கர அகலத்தையும் பார்க்கவும். உள் ஷூவுக்கும் வலது டயருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடம் இல்லையென்றால் சக்கரத்தை உள்ளே தள்ளி அமைக்க வேண்டியிருக்கும்.

இழுவை மோவர்

நியூ ஹாலண்ட் 456 போன்றவை. ஒரு பின், ஒரு பிடிஓ தண்டு, ஐந்து நிமிடத்தில் புறப்படலாம். டிராக்டர் நாள் முழுக்க வேறு வேலைக்கும் போக வேண்டுமானால், அல்லது லிங்கே இல்லையானால், இதுதான். நீளமான, அகலமான வயலில் குறையே தெரியாது.

டிராபார் அளவு இங்கே உயிர்நாடி. பிடிஓ தண்டின் முனையிலிருந்து டிராபார் துளை வரை கிடைமட்டமாக 14 அங்குலம் (சுமார் 35 செ.மீ.) இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் திருப்பத்தில் யுனிவர்சல் ஜாயிண்டின் இரண்டு கோணங்களும் சமமாக இருக்காது, தண்டு தடதடக்கும். டிராபார் பக்கவாட்டில் ஆடும் ரகமானால் பின் போட்டு நடுவில் பூட்டவும்.

வாங்குமுன் பாரை எப்படித் தூக்குவது என்று பார்க்கவும். சிலிண்டர் வைத்த மோவருக்கு டிராக்டரில் வெளி ஹைட்ராலிக் இணைப்பு வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. கை லீவர், கயிறு வைத்தவை எதிலும் வேலை செய்யும், தோள்தான் வலிக்கும்.

கல்லிலோ கட்டையிலோ மோதினால் பார் பின்னால் மடங்கிக்கொள்ளும் பூட்டு இரண்டு ரகத்திலும் உண்டு. அதை மீண்டும் பூட்ட வண்டியை நேராகப் பின்னால் எடுக்க வேண்டும். ஒற்றைப் பின்னில் ஆடும் இழுவை மோவரில் அது லேசில் வராது. கல் நிறைந்த நிலமானால் இதையும் கணக்கில் கொள்ளவும்.

பிடிஓவே இல்லாத வண்டிக்குச் சக்கரம் சுற்றி ஓடும் குதிரை மோவரை, இழுக்கும் கட்டையின் நீளம் குறைத்து மாட்டுவோர் உண்டு. நன்றாகவே வெட்டும். ஆனால் அது குதிரை நடைக்குச் செய்தது, மணிக்கு 4, 5 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் கத்தியை இடமும் வலமும் ஆட்டும் பிட்மேன் கட்டை முறியும்.

எந்த ரகமானாலும் கட்டர் பாரைச் சோதிக்கும் முறை

நல்ல பார் உள்ள தவறான ரகத்தோடு காலம் தள்ளலாம். தேய்ந்த பார் உள்ள சரியான ரகம் வெறும் இரும்பு. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுத் தொடங்கவும்.

பாரின் வெளிமுனையைக் கையால் பின்னுக்குத் தள்ளி, தொய்வு முழுவதையும் எடுத்துவிடவும். டிராக்டரின் பின்சக்கர அச்சுக்கு இணையாக ஒரு நூல் கட்டி, உள்முனையிலும் வெளிமுனையிலும் கத்தியின் முதுகு வரை அளக்கவும். வெளிமுனை ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் முன்னே இருக்க வேண்டும். 7 அடி பாருக்கு 1¾ அங்குலம். ஓடும்போது புல்லின் எதிர்ப்பு வெளிமுனையைப் பின்னே தள்ளும், அப்போதுதான் பிட்மேனும் கத்தியும் ஒரே கோட்டுக்கு வரும். இந்த முன்னேற்றம் இல்லாத பாரில் கத்தித் தலை (பிட்மேன் சேரும் முனை) சூடேறும், பிட்மேன் அடிக்கடி உடையும். இதற்குப் பெரும்பாலும் ஹிஞ்ச் பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததே காரணம். அவற்றை மாற்றாமல், முன்னேற்றத்தைச் சரி செய்யும் எக்சென்ட்ரிக்கைத் திருகினால் ஒரு வாரம்தான் நிற்கும்.

அடுத்து ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றவும். பாரின் அருகே யாரும் நிற்கக் கூடாது, கையால் சுற்றும் வேகமே கைவிரலைத் துண்டிக்கும். கத்தி ஒரு கோடியில் நிற்கும்போது ஒவ்வொரு பிளேடின் (கத்தியில் ரிவெட் அடித்த முக்கோணத் தகடு) நடுவும் பாரின் விரலின் நடுவோடு பொருந்த வேண்டும், மறுகோடியிலும் அப்படியே. 3 மி.மீ. வரை விலகல் பொறுக்கலாம். மேலே போனால் பிட்மேன் நீளத்தையோ பாரை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பியின் நீளத்தையோ மாற்றிச் சரி செய்யவும்.

பிறகு விரல்கள். உள்முனையில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், விரல்களின் வெட்டு விளிம்பான லெட்ஜர் தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். தாழ்ந்து போன விரலைத் தடித்த பகுதியில் சுத்தியலால் தட்டி உயர்த்தவும். நுனியில் அடித்தால் நுனிதான் வளையும். கத்தியை மேலிருந்து பிடித்துவைக்கும் கிளிப்புகள் பிளேடைத் தொடாமல் தொடும் அளவில், தடித்த காகிதம் ஒன்று நுழையும் இடைவெளியோடு இருக்கட்டும். புல் அறுபடாமல் மடிந்து இழுபட்டால் பலர் பிளேடைத் தீட்டப் போகிறார்கள். முக்கால்வாசி தடவை குற்றம் கிளிப்பில்தான்.

பிளேடு மாற்ற ரிவெட்டைத் துளைத்து எடுக்க வேண்டாம். கத்தியின் முதுகை வைஸ் தாடைகளின் மேல் வைத்து, பிளேடு நடுவில் தொங்கும்படி விடவும். பிளேடின் பின்விளிம்பில் சுத்தியலால் ஒரே அடி, இரண்டு ரிவெட்டும் அறுந்து பிளேடு கீழே விழும். 3 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 7 அடிக்கு 28 பிளேடு வேண்டும். மெல்லிய புல்லுக்குத் தீட்டக்கூடிய வழவழப்பான விளிம்பு, தடித்த தண்டுக்குப் பல் வைத்தது.

முதல் ஓட்டத்தில் பிடிஓவை 540-லேயே வைத்து, கியரை மட்டும் மாற்றி மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டரில் ஓட்டவும். வெளி ஷூவின் பின்னே உள்ள பலகை அறுத்த புல்லை உள்ளே தள்ளி, அடுத்த சுற்றுக்கு உள் ஷூ போக வெறும் தரையாக ஒரு கோடு விட வேண்டும். அந்தக் கோடு மூடிக் கிடந்தால் பலகையின் கோணத்தைக் கூட்டவும். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி, கத்தித் தலையையும் ஃப்ளைவீல் பேரிங்கையும் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாத சூடானால் மறுபடி நூலைக் கட்டி முன்னேற்றத்தை அளக்கவும். பெல்ட் உள்ள மோவரில் புதுப் பெல்ட் இதற்குள் தளர்ந்திருக்கும், அப்போதே இறுக்கிவிடவும்.