பல்வலி தானாக நின்றுவிட்டதா? ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்

கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. எட்டாம் நாள் வலி தானாக நின்றது. பென்னாகரத்திலிருந்து பஸ்ஸேறி தர்மபுரி போகிற வேலை மிச்சம் என்று இருந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் கடுகளவு ஒரு கொப்புளம் வந்தது. விரலால் அழுத்தினால் வாயெல்லாம் உப்புக் கரிக்கும், மறுநாள் அமுங்கிவிடும், பத்து நாளில் திரும்ப எழும்பும். வலி மட்டும் துளிகூட இல்லை.

நடந்தது இதுதான். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள சதை செத்துப்போனதால்தான் வலி நின்றது. செத்த சதையில் கிருமிகள் குடியேறி, அவற்றின் நச்சு வேர் நுனித் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் கசிகிறது. அதைத் தடுக்க உடம்பு அங்கே படை திரட்டுகிறது. அந்தப் படைக்கு இடம் வேண்டுமே, அதற்காக வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பை நம் உடம்பே கரைத்துவிட்டு அந்த இடத்தைச் சதையால் நிரப்பிக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிவது இந்தக் குழிதான். சீழ் சேர்ந்து ஈறைத் துளைத்து வெளியே வர வழி கிடைத்துவிட்டால் அழுத்தம் குறைந்து வலியே தெரியாது. அதனால் வலியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஒரே இடத்தில் வந்து வந்து போகிற கொப்புளம், கடித்தால் அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்து நிற்பது போன்ற உணர்வு, ஸ்பூன் காம்பால் மெல்லத் தட்டினால் பக்கத்துப் பல்லைவிட அது கூசுவது, இவையெல்லாம் அடையாளம். நிறத்தைப் பார்க்கும்போது மட்டும் நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்குப் பல்லில் பழுப்புப் பட்டை இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு போகக்கூடாது என்பது வரம்பு, இங்கே பல கிணறுகளில் அதைத் தாண்டியது. அந்தக் கறை ஜோடி ஜோடியாகப் பல பற்களில் இருக்கும், அதற்கும் வேர் நுனிக்கும் சம்பந்தமில்லை. நிறத்தைப் பொறுத்தவரை, மற்ற பற்கள் எப்படியிருந்தாலும் ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து முன்பல்லை இடித்துக்கொண்டவர்களுக்குச் சொத்தையே இல்லாமல் பல வருடம் கழித்துக்கூட இப்படி ஆகும்.

சரி, ராத்திரி பத்து மணிக்குக் கன்னம் வீங்கிவிட்டது, என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கன்னத்துக்கு வெளியே உப்பு ஒத்தடமோ பத்தோ வேண்டவே வேண்டாம், சீழ் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் முகத்தில் ஆயுசுக்கும் தழும்பு நிற்கும். புகையிலையைப் பல்லில் அடக்குவதும் வேண்டாம், ஈறு வெந்து புண்ணாவதுதான் மிச்சம். தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் பரவினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தால், வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால், இவற்றில் எது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் சரியாகாதா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். மாத்திரை ரத்தத்தோடு போகிறது. செத்த பல்லின் உள்ளே ரத்த ஓட்டமே இல்லை, அப்புறம் எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் பரவும்போது டாக்டர் எழுதித் தருவது வேறு விஷயம். கிருமியை உள்ளிருந்து எடுத்தே ஆக வேண்டும், அதற்கு இரண்டே வழி: வேர் சிகிச்சை (ரூட் கேனல்), இல்லையென்றால் பல்லைப் பிடுங்குவது. 1965-ல் அமெரிக்காவில் எலிகளின் பல்லைத் துளைத்துச் சதையைத் திறந்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு அந்தத் துளையில் தீனி அடைத்துக்கொண்டும் சதை சாகவில்லை, தானே மூடி போட்டு ஆறியது. சாதாரண எலிகளுக்கு எல்லாம் அழுகிப்போனது.

சிகிச்சைக்கு எனக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பிகளால் வேர்க்குழாயைச் சுரண்டி, மருந்துத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, சுண்ணாம்பு சேர்ந்த மருந்தை இரண்டு வாரம் உள்ளே வைத்து, கடைசியில் ரப்பர் போன்ற பொருளால் அடைத்தார்கள். நடுவில் வைக்கிற தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் ஊரில் இருந்துவிடாதீர்கள், அது கசிந்தால் கிருமி திரும்ப உள்ளே போய் எல்லாம் வீணாகும். கடைவாய்ப் பல் என்றால் மேலே மாட்டுகிற கேப்புக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், கேப் இல்லாவிட்டால் பல் பிளந்துவிட வாய்ப்பு அதிகம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நம் ராகிக் களியை அடிக்க ஆளில்லை, மெல்லவே வேண்டாமே. ஆனால் மரப்பு தெளியாமல் சூடான களியை வாயில் போட்டு உதட்டைப் பொசுக்கிக்கொண்டவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.

முடித்த பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது சகஜம். கொப்புளம் சில வாரத்தில் மறைய வேண்டும், ஒரு மாதம் தாண்டியும் எழும்பினால் திரும்பப் போய்க் காட்டுங்கள். எலும்பு அப்படி அவசரப்படாது. குழியின் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், ஆறு மாதத்தில் ஓரளவு தெரியும், ஒரு வருடத்தில் ஒரு எக்ஸ்ரே கட்டாயம் எடுக்க வேண்டும், பெரிய குழியாக இருந்தால் நான்கு வருடம்கூட ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். குழி சிறிதாகிக்கொண்டே வந்தால் பயப்பட வேண்டாம். அப்படியே நின்றாலோ பெரிதானாலோ மறுபடி குழாயைத் திறந்து சுத்தம் செய்வார்கள், அதுவும் கேட்கவில்லையென்றால் ஈறைத் திறந்து வேர் நுனியை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டு அந்தப் பக்கமிருந்து அடைப்பார்கள்.

சிறிதானதா பெரிதானதா என்று சொல்லப் பழைய படம் வேண்டும். என்னுடைய முதல் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, ஆதார் நகல் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு வைத்தேன். தீப்பெட்டி அட்டை அளவு ஃபிலிம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வேர் நுனியில் துவரம்பருப்பு அளவுக்குக் கருப்பு. பதினான்கு மாதம் கழித்து எடுத்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பருப்பு இருந்த இடத்தில் கொசுவலை மாதிரி வெள்ளைக் கோடுகள் பின்னியிருந்தன, நடுவில் ஒரு ராகி மணி அளவுக்கு மட்டும் இன்னும் கருப்பு. டாக்டர் அடுத்த வருடம் இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்.