ஒரு பழைய போன், முப்பது பிள்ளைகள்: வாசிப்பைக் குரலாகச் சேர்த்து வைப்பது எப்படி

ஒரு பிள்ளை ஜூனில் வாசித்ததையும் டிசம்பரில் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். மதிப்பெண் பதிவேட்டில் இரண்டு எண்கள் இருக்கும், குரல் இருக்காது. டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ செயலியை, அதாவது ஒவ்வொரு பிள்ளையின் வேலையையும் தனித்தனியாகச் சேர்த்து வைக்கும் செயலியை, வகுப்பில் வைத்துக்கொள்ள எனக்கு இந்த ஒரு காரணம் போதும். படம் ஒட்டுவதும் கலர் அடிப்பதும் அதில் செய்யலாம். ஆனால் அதற்கு நோட்டே போதுமே.

நான் பல்லடம் பக்கம் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பு. எழுத்துத் தேர்வு வைத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி குறைந்த மார்க்கில் நிற்பார்கள். யாருக்குப் பேச வருகிறது, யாருக்கு எழுத்தே பிடிபடவில்லை என்று அந்த மார்க் சொல்லாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. செயலியை இறக்குவது, மெயில் கணக்குத் தொடங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எந்தச் செயலி?

நான் வைத்திருப்பது சீசா (Seesaw). பிள்ளைக்கு மெயில் ஐடி வேண்டாம், படிக்கத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்து அழுத்தலாம், குரல் பதிவு இலவசக் கணக்கிலேயே உண்டு. கூகுள் கிளாஸ்ரூமில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு வேண்டும், தொடக்கப் பள்ளிக்கு அது தலைவலி. பேட்லெட் அழகாக இருக்கும். ஆனால் எல்லார் பதிவும் ஒரே சுவரில் கிடக்கும். திக்கித் திக்கி வாசித்த பிள்ளையின் குரலை வகுப்பே கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. கூகுளின் ரீட் அலாங் வாசிப்புப் பழக நல்ல செயலி, தமிழிலும் உண்டு. ஆனால் அது பிள்ளையோடு பேசும், ஆசிரியருக்குப் பதிவைத் தராது.

ஒரு எச்சரிக்கை. செயலியை நம்பி மட்டும் இருக்காதீர்கள். பிள்ளைகள் வீடியோ பதிவு போடும் ஃப்ளிப்கிரிட் என்று ஒரு செயலி இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2018-இல் வாங்கி, 2022-இல் ஃப்ளிப் என்று பெயர் மாற்றி, 2024-இல் தனிச் செயலியாக இருந்ததை மூடிவிட்டது. அதனால் மாதம் ஒருமுறை முக்கியமான பதிவுகளை இறக்கி கூகுள் டிரைவில் போட்டு வைக்கிறேன். இலவச இடம் 15 ஜிபி, அது ஜிமெயிலோடும் போட்டோஸோடும் சேர்த்துத்தான். குரல் பதிவுக்கு அது தாராளம். 128 கிலோபிட் வேகத்தில் ஒரு நிமிடப் பேச்சு சுமார் 1 எம்பிதான் வரும். வீடியோ எடுத்தால் கதை வேறு, ஒரு நிமிடமே நூறு எம்பியைத் தொட்டுவிடும். வாசிப்புக்கு முகம் எதற்கு? குரல் மட்டும் எடுங்கள்.

படி 1: வகுப்பும் பெயரும்

புது வகுப்பைத் தொடங்கிப் பெயர்களைச் சேருங்கள். பெயருக்கு முன்னால் வரிசை எண் போடுங்கள்: 07 கவின் மு, 08 கவின் ரா. இப்போதெல்லாம் வகுப்புக்கு இரண்டு கவின் இருக்கிறார்கள். ஒற்றை இலக்கத்துக்கு முன் சுழியம் போட மறந்தால் பட்டியல் வரிசை மாறி, பிள்ளை தன் பெயரைத் தேடிக்கொண்டே நிற்கும்.

படி 2: பிள்ளை உள்ளே நுழைவது

பெரும்பாலும் ஆட்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

வகுப்பு அமைப்புகளுக்குப் போனால் மாணவர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்று கேட்கும். மெயில் வழி, தனிக் கருவி, பகிர்ந்துகொள்ளும் கருவி என்று வழிகள் இருக்கும். நமக்கு வேண்டியது பகிர்ந்துகொள்ளும் கருவி. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு க்யூஆர் குறி கிடைக்கும். அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிள்ளை அதை ஸ்கேன் செய்தால் வகுப்புக்குள் போய்விடும், பட்டியலில் தன் பெயரைத் தொட்டால் பதிவு அதன் கணக்கில் சேரும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், நம் சொந்த போனில் ஆசிரியர் கணக்கு திறந்திருக்கும். அதையே பிள்ளை கையில் கொடுத்தால் வகுப்பு முழுவதும் அதன் கையில். வெளியேறி, மாணவராக நுழைந்து, மறுபடி ஆசிரியராக நுழைந்து என்று மாற்றிக்கொண்டிருந்தால் பாடவேளை முடிந்துவிடும். அதனால் வீட்டில் தூங்கும் பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். முழுக்க அழித்து, சிம் இல்லாமல், சீசா மட்டும் போட்டு, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் போதும். ஆண்ட்ராய்டில் செயலியைத் திரையிலேயே பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, பாதுகாப்பு அமைப்புகளுக்குள் தேடினால் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டால் யூடியூப் பக்கம் யாரும் சுலபமாகத் தாவ முடியாது.

இன்னொன்று. முதல் முறை மைக்கைத் தொடும்போது செயலி அனுமதி கேட்கும். பிள்ளை அவசரத்தில் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டால் பதிவு ஆகவே ஆகாது, காரணமும் தெரியாது. நீங்களே முதலில் ஒரு சோதனைப் பதிவு செய்து அனுமதியைக் கொடுத்துவிட்டு அப்புறம் பிள்ளையிடம் கொடுங்கள்.

பழைய போன் இல்லையென்றால்? போனைக் கொடுக்காமல் நீங்களே உங்கள் கணக்கிலிருந்து பதிவு செய்து அந்தப் பிள்ளையின் பெயரில் சேர்க்கலாம். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

அமைப்புகளை மூடுவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒருவர் பதிவை இன்னொருவர் பார்க்கும் வசதி அணைந்திருக்கட்டும். ஆசிரியர் ஒப்புதல் தந்த பிறகே பதிவு வெளியாகட்டும்.

படி 3: மூன்று ஃபோல்டர்

வாசிப்பு, பேச்சு, எழுத்து. மூன்று போதும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் பழக்கத்தில், சிலர் அரும்பு, மொட்டு, மலர் என்று அந்த நிலைகளின் பெயரிலேயே ஃபோல்டர் வைக்கிறார்கள். வேண்டாம். அந்தப் பிரிவு ஆசிரியர் பாடம் நடத்துவதற்கு. பெற்றோர் திறந்து பார்க்கும் இடத்தில் பிள்ளையின் நிலையைப் பெயராக எழுதி வைக்காதீர்கள்.

படி 4: பதிவு செய்வது

ஆடி மாதம் வராந்தாவில் பதிவு செய்யவே செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கில் மோதினால் வாசிப்பு ஒரு வார்த்தைகூடக் கேட்காது. விசைத்தறி பக்கத்தில் இருக்கிற பள்ளிகளுக்கு வருஷம் முழுக்கவே இந்தத் தொல்லை. துணித் திரையும் பீரோவும் அடைசலாக இருக்கும் சின்ன அறைதான் சிறந்தது. வெறும் சுவர் உள்ள பெரிய அறை எதிரொலிக்கும். ஒயர் இயர்போனின் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் தெளிவாக விழும். புளூடூத் எனக்கு ஒத்துவரவில்லை. சார்ஜ் தீர்ந்துபோகும், பக்கத்து போனோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

வாசிப்புக்கு இரண்டு பத்தி. ஒன்று ஜூனிலும் அரையாண்டிலும் ஆண்டு இறுதியிலும் மாறாமல் அதே பத்தி. இன்னொன்று ஒவ்வொரு முறையும் புதிது, ஆனால் அதே அளவு கடினம். மாறாத பத்தி மட்டும் வைத்தால் மனப்பாடமா வாசிப்பா என்று தெரியாது. புதியது மட்டும் வைத்தால் ஒப்பிட முடியாது. ஒரு நிமிடம் போதும். தொடக்கத்தில் பிள்ளையே பெயரையும் தேதியையும் சொல்லட்டும், பிறகு கோப்பு எங்கே மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பேச்சுக்குத் தலைப்பு நெருக்கமானதாக இருக்க வேண்டும். மாரியம்மன் நோம்பி, வாரச் சந்தை, அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு, ஊருக்குப் போன ரயில். இங்கே எழுத்துத் தமிழை எதிர்பார்க்காதீர்கள். 'பொழுதோட சந்தைக்குப் போனமுங்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது முழு வாக்கியம், முழு மார்க். பாட்னாவிலிருந்து வந்த பிள்ளையும் தெருவில் முதலில் கற்றுக்கொள்வது இந்தத் தமிழைத்தான். எழுத்து ஃபோல்டரில் வரும்போது இலக்கணத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: கேட்டு மதிப்பிடுவது

பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும், கேட்க நேரமிருக்காது. ஒருநாளைக்கு ஐந்து பிள்ளை என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். பத்தியின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். விட்ட சொல்லுக்குக் கோடு, மாற்றி வாசித்த சொல்லுக்கு வட்டம், தானே திருத்திக்கொண்டதற்கு ஒரு டிக். தானே திருத்தியதைப் பிழையாக எண்ணாதீர்கள், அந்தப் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் ஆங்கிலத்துக்கு ஆனவை. அவற்றைத் தமிழுக்கு வைத்தால் எல்லாப் பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று சொல். எண்ண வேண்டுமென்றால் எண்ணுங்கள், ஆனால் அந்தப் பிள்ளையின் பழைய பதிவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்தான் பலன். இந்தியில் குறில் எகரமும் ஒகரமும் தனியாக இல்லை. அதனால் இந்தி வீட்டுப் பிள்ளை 'எடு' என்பதை 'ஏடு' என்றும் 'கொடு' என்பதை 'கோடு' என்றும் வாசிக்கும். அது கவனக்குறைவு இல்லை. அதற்கு ஜோடிச் சொற்களாகப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். ககரம் ஒன்றே 'கல்'லில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிப்பது, தனித்தனி எழுத்துக்குப் பழகியவர்களுக்குக் குழப்பம். ஒடியாவில் ளகரம் உண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு 'பள்ளி' எளிதாக வரும், ழகரம்தான் புதிது. நம்ம ஊர்ப் பிள்ளைகளின் 'பளம்' வேறு கணக்கு, அது வீட்டிலிருந்தே வருவது.

இந்தக் குறிப்பை எங்கே எழுதுவது? சீசாவில் திறன் வாரியாக மதிப்பிடும் பகுதி கட்டணத் திட்டத்துக்குள் இருப்பது. நான் அதற்குப் பணம் கட்டவில்லை. கோடு போட்ட நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம், தேதி, பிழை வகை, அடுத்து என்ன என்று மூன்றே வரி. முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறிக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று வந்ததிலிருந்து அந்த 40-க்கு ஆதாரம் எங்கே என்று கேட்பது வழக்கம். நோட்டையும் இரண்டு பதிவையும் காட்டினால் அடுத்த கேள்வி வராது.

படி 6: பெற்றோர்

முதலில் கையெழுத்து வாங்குங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது, தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. ஒரு பக்கத் தாளில் தமிழிலும் இந்தியிலும், குரல் மட்டும், வகுப்புக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் தயங்குவோரும் ஒப்புக்கொள்வார்கள்.

பெற்றோரைச் செயலிக்குள் அழைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஷிப்டில் இருக்கும் அம்மா புதிதாக ஒரு செயலி போட்டுத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பருவத்துக்கு ஒரு பதிவை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புகிறேன். குழுவில் அல்ல, தனியாக.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு கோபி, உடுமலை பக்கத்து ஆசிரியர்கள் கேட்டதில் இரண்டு சேர்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளியில் சிக்னலே இல்லை என்றால்: போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டரில் பதிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சீசாவில் அந்தந்தப் பிள்ளையின் பெயரில் ஏற்றிவிடுங்கள். கோப்பின் பெயரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்: 07 கவின் மு வாசிப்பு ஜூன். மறுநாள் வரை விட்டால் எது யாருடையது என்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நடுவருஷத்தில் பெற்றோர் கம்பெனி மாறி ஊர் மாறினால்: மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் அன்றே பிள்ளையின் பதிவுகளைக் கொடுத்துவிடுங்கள், பிறகு அந்த நம்பர் வேலை செய்யாமல் போகலாம். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பின் பெயர் மாறாமல் போய்ச் சேரும். புதுப் பள்ளியின் ஆசிரியர் திறந்ததும் எது ஜூன், எது டிசம்பர் என்று தெரியும். நோட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கூடவே அனுப்பிவிடுங்கள்.