'மலர்' ஓரசைதான், சிலபிள் இரண்டு

ஆங்கிலத்தின் சிலபிள் (ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டு) என்றால் அசை என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. செய்யுள் இலக்கணமான யாப்பில் 'மலர்' ஒரே நிரையசை, இரண்டு குறில் இணைந்து ஓரசையாகிவிடும். ஆங்கிலக் கணக்கில் அதில் உயிரொலி இரண்டு, ஆகவே சிலபிளும் இரண்டு. வெண்பாவை அசை பிரித்து அலகிட்டுப் பழகிய பிள்ளை, பணத்தைக் குறிக்கும் 'மனி'யை ஒன்று என்று எண்ணினால் குற்றம் அந்தப் பிள்ளையுடையதல்ல.

எழுத்தை எண்ணுவது அடுத்த தவறு. 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஆங்கிலத்தில் 9 எழுத்து, சிலபிள் ஒன்றே. 'ரிதம்' என்பதில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது, சிலபிளோ இரண்டு. 'ஈ-டி' எழுத்துகளில் முடிந்தாலும் 'வாக்ட்', 'ஜம்ப்ட்' ஒவ்வொன்றும் ஒன்று. 'வான்டட்' மட்டும் இரண்டு.

சரி, காதை நம்பலாமா? அது தமிழ்க் காதாயிற்றே! சொல்லின் முதலில் மெய் நிற்காது என்பது நாக்கில் ஊறிப்போனதால் 'ஸ்கூல்' நம் வாயில் 'இஸ்கூல்' ஆகிறது. ஒற்றைச் சிலபிளான 'ஃபில்ம்' நமக்குப் 'பிலிம்'. தாடைக்கடியில் கையை வைத்து, அது இறங்கும் ஒவ்வொரு முறையையும் ஒரு சிலபிளாக எண்ணும் வித்தை இதனால்தான் நம்மிடம் பொய் சொல்கிறது. சரியான ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எண்ணுவதே நல்லது.

ஒரு சிலபிள் மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பதே அழுத்தம். அதில் நாம் செய்யும் பெரிய தவறு, ஒரு சிலபிளை உரக்கச் சொல்லிவிட்டு மற்றவற்றையும் முழுசாகவே ஒலிப்பது. அழுத்தம் பெறாத உயிர் ஆங்கிலத்தில் தேய்ந்துபோகும். குற்றியலுகரம் அரை மாத்திரையாய்க் குறுகுவதை அறிந்த நமக்கு இது அந்நியமில்லை. 'ஃபோட்டோகிராஃப்' சொல்லில் அழுத்தம் முதல் சிலபிளில். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாவதற்குத் தாவி 'ஃபடாக்ரஃபர்' ஆகிவிடும், முதல் 'ஃபோ' தேய்ந்து 'ஃப' ஆகும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதில். வேர்ச்சொல்லின் அழுத்தத்தை அப்படியே சுமந்துகொண்டு போகக்கூடாது.

'ஷன்', 'இக்', 'இட்டி' என முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய சிலபிளில் அழுத்தம்: 'எஜுகேஷன்' சொல்லில் 'கே'. 'பாலிடிக்ஸ்', 'அரபிக்' இரண்டும் அடங்காப்பிடாரிகள், முதலிலேயே அழுத்தம். நாம் தினமும் சொல்லும் 'ஹோட்டல்' கூட ஆங்கிலத்தில் 'ஹோடெல்', அழுத்தம் கடைசியில்.

அகராதி பார்க்கும்போதும் கவனம். உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சிறு கோடு பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும் சிலபிளுக்கு உரியது. சில பழைய அகராதிகளில் நேர்மாறு. முன்பக்க விளக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.