சின்னம்மை: நாட்களை எண்ணாதீங்க, பொருக்கைப் பாருங்க

வேலூர் வெயில் ஏறுகிற பங்குனி, சித்திரையில் "பிள்ளைக்கு அம்மா போட்டிருக்கு" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். வாசலில் வேப்பிலை செருகுவது நல்ல வழக்கம், வெளியாள் வராமல் தடுக்கும். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும். கூட விளையாடிய பிள்ளைகளுக்கு 10 முதல் 21 நாளுக்குள் வரலாம். அவர்கள் வீட்டுக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

சிவந்த புள்ளி, தெளிந்த நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் நெஞ்சிலும் முதுகிலும் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் சின்னம்மைதான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஒரு வேளைக்கு, எடை கிலோவுக்கு 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. பாட்டிலில் '5 மி.லி.யில் 120 மி.கி.' என்றிருந்தால் 7.5 மி.லி.; '250 மி.கி.' என்றிருந்தால் 3.6 மி.லி.தான். இதைப் பார்க்காமல் ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.

தண்ணி ஊத்தும் நாள் வரை குளிப்பாட்டாமல் வைத்திருக்காதீர்கள். வியர்வை அரிப்பைக் கூட்டும், அழுக்கு நகம் பட்ட இடம் சீழ் பிடிக்கும். தினமும் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, கேலமைன் லோஷன் தடவுங்கள். வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிக் கொடுக்கலாம். உடைந்த கொப்புளத்தின் மேல் வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசினால் அடியில் சிவந்து வீங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

வாய்க்குள்ளும் புண் வரும். ஆறிய கேழ்வரகுக் கூழில் புளிக்காத மோர் விட்டு, உப்பைக் குறைத்துக் கொடுங்கள். இளநீர், நுங்கு கொடுக்கலாம்.

நான்கு நாள் தாண்டியும் காய்ச்சல், மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, கொப்புளத்தைச் சுற்றிச் சூடான வீக்கம்: இதில் ஒன்று இருந்தாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ உடனே போங்கள். வீட்டில் சின்னம்மை வராத கர்ப்பிணியோ பச்சிளங்குழந்தையோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். 12 வயது தாண்டிய பிள்ளைக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவைப்படலாம். கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நல்ல பலன்.

தடுப்பூசி அரசு இலவச அட்டவணையில் இல்லை, வெளியில் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். முதல் ஊசி 15 மாதத்தில், அடுத்தது 18 மாதத்தில். ஒரு வயது தாண்டிய, இன்னும் அம்மை வராத தம்பி தங்கைக்கு, அம்மை வந்த பிள்ளையோடு பழகிய 3 நாளுக்குள், தவறினால் 5 நாளுக்குள் போட்டால்கூடத் தடுக்க வாய்ப்புண்டு.

மூணு தண்ணி ஊத்தியாச்சு என்பதற்காகப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகியிருக்க வேண்டும். தலைமுடியை விலக்கி, காதுக்குப் பின்னாலும் பாருங்கள். நீர் கோத்த ஒன்று அங்கே கண்ணில் படாமல் இருக்கும்.